அன்பா, அருளா? மயிலாப்பூரில் தொடங்கிய ஒரு தேடல்

யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் ஒரு காட்சி வருகிறது. உயிர்த்தெழுந்த இயேசு ஏரிக்கரையில் பேதுருவிடம் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்கிறார். என்மேல் உனக்கு அன்பு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கிரேக்க மூலத்தில் ஒரு விசித்திரம் உண்டு. முதல் இரண்டு தடவையும் கேள்வியில் வருவது 'அகபாவோ' என்ற வினைச்சொல். பேதுருவோ ஒவ்வொரு தடவையும் 'பிலேயோ' என்ற வேறு வினையில் பதில் சொல்கிறார். மூன்றாம் தடவை, கேட்டவரே பேதுருவின் சொல்லுக்கு இறங்கி வந்துவிடுகிறார். கிங் ஜேம்ஸ் ஆங்கில வேதாகமத்தில் இந்த வேறுபாடு கிடையாது, இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆனால் 1871இல் முழுமையாக வெளிவந்த, பவர் ஐயர் தலைமையிலான குழுவின் தமிழ் மொழிபெயர்ப்பைப் பிரித்துப் பாருங்கள். முதல் வினைக்கு 'அன்பு', இரண்டாவதற்கு 'நேசம்' என்று கவனமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

யோவான் அந்த இரண்டு வினைகளையும் உண்மையில் வேறுபடுத்தித்தான் எழுதினாரா, நடைக்காக மாற்றி மாற்றிப் போட்டாரா என்று இன்றைய அறிஞர்களுக்குள் வாதம் நடக்கிறது. நடை என்பவர்களே அதிகம். அது இருக்கட்டும். எனக்கு ஆர்வம் தந்தது வேறொன்று. கடவுளின் மிக உயர்ந்த அன்பைக் குறிக்கும் இடத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் ஏன் 'அன்பு' என்ற சொல்லை வைத்தார்கள்? தமிழில் அதைவிடப் பெரிய சொல் ஒன்று தயாராக இருந்ததே!

அந்தச் சொல் 'அருள்'. திருக்குறளில் இரண்டுக்கும் தனித்தனி அதிகாரம் உண்டு. அன்புடைமை எட்டாவது அதிகாரம், இல்லறவியலில் வருகிறது. அருளுடைமை இருபத்தைந்தாவது, துறவறவியலின் வாசலில் நிற்கிறது. பரிமேலழகர் வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறார். அன்பு, நம்மோடு தொடர்புடையவர்மேல் செல்வது. மனைவி, பிள்ளை, சுற்றம், நண்பன். அருள், எந்தத் தொடர்பும் பாராமல் எல்லா உயிர்மேலும் இயல்பாகச் செல்லும் கருணை. வள்ளுவரே வேறோரிடத்தில் அருளை அன்பு பெற்ற குழந்தையாக உருவகிக்கிறார். ஆக, மரபின் கணக்குப்படி அன்பு முதல் படி, அருள் முதிர்ந்த படி.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் தமிழ் வேதாகமம் செய்திருப்பது ஆச்சரியமானது. எல்லையில்லாத தெய்வ அன்புக்கு அவர்கள் வீட்டுக்குள் புழங்கும் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். 'கடவுள் அன்பானவர்' என்று ஒரு தமிழர் படிக்கும்போது, பரிமேலழகர் காதில் விழுவது இதுதான்: கடவுள் உன்னோடு தொடர்புடையவர், உன் வீட்டு மனிதர். கிருபைக்கு அவர்கள் வடசொல்லையே வைத்துக்கொண்டார்கள். 'அருள்' என்ற சொல், கத்தோலிக்க ஜெபங்களில் நன்றாகப் புழங்கி, 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் கிருபையின் இடத்தில் வந்து உட்கார்ந்தது. மொழிபெயர்ப்பாளர்கள் இதையெல்லாம் யோசித்துத்தான் செய்தார்கள் என்று நான் வாதிடவில்லை. ஆனால் சொல் தன் வேலையைச் செய்யும், யார் யோசித்தாலும் யோசிக்காவிட்டாலும்.

கடவுளுக்கே என்ன பெயர் வைப்பது என்பதில் நடந்த மாற்றங்களை இதோடு ஒப்பிடலாம். சீகன்பால்க் தரங்கம்பாடியில் 1714-15இல் அச்சிட்ட புதிய ஏற்பாட்டில் சர்வேசுரன். வேப்பேரியில் இருந்து வேலை செய்த பப்ரீசியுஸுக்குப் பராபரன். ரேனியுஸுக்கும் பவர் குழுவுக்கும் தேவன். இருபதாம் நூற்றாண்டில் கடவுள். பெயர் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் பெரிய சண்டை நடந்திருக்கிறது. 'அன்பு' என்ற சொல்லுக்காக அப்படி ஒரு சண்டை நடந்ததாகத் தெரியவில்லை. அந்தச் சொல்லைப் பற்றிய சண்டை வேறு இடத்தில், வேறு விதமாக நடந்தது. அதற்குத்தான் மயிலாப்பூர் வருகிறோம்.

1858 ஏப்ரல் 18. மயிலாப்பூர் தூய தோமா ஆலயத்தில் முப்பது வயது முடியும் தறுவாயில் இருந்த ஒரு தமிழாசிரியர் ஞானஸ்நானம் பெற்றார். ஹென்றி ஆல்பிரட் என்ற பெயர் அன்றைக்குச் சேர்ந்தது. எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை என்று நாம் அறிந்தவர் அவர்தான், 'கிறிஸ்தவக் கம்பர்' என்று பிற்காலத்தில் அழைக்கப்பட்டவர். (சாந்தோம் பசிலிக்காவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர் சேர்ந்தது ஆங்கிலிக்கன் சபை. அதோடு, பசிலிக்காவில் இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் அந்த வெள்ளைக் கோபுரம் 1896க்குப் பிறகுதான் இருக்கிறது.)

கிருஷ்ண பிள்ளை திருநெல்வேலிச் சீமைக்காரர். 1827இல் கரையிருப்பு என்ற ஊரில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா கம்பராமாயணத்தில் ஊறியவர். பிள்ளையும் அப்படியே வளர்ந்தார். 1853இல் சாயர்புரத்தில் மிஷன் பள்ளியில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. அங்கே சேரும்போது அவருக்குக் கிறிஸ்தவத்தின்மேல் மதிப்பு ஒன்றும் கிடையாது, எதிர்ப்புதான் இருந்தது. ஐந்து வருஷத்தில் மயிலாப்பூர் வந்து நிற்கிறார். ஊரில் வைத்து ஞானஸ்நானம் பெறாமல் இத்தனை தூரம் சென்னைக்கு வந்தது ஏன் என்று கேட்டால், அந்தக் காலத்து வேளாளர் வீட்டில் இப்படி ஒரு முடிவுக்கு என்ன விலை என்பதை நினைத்துப் பாருங்கள், புரியும். சென்னையில் தங்கி, பெர்சிவல் நடத்திய 'தினவர்த்தமானி' இதழில் வேலை பார்த்தார். மாநிலக் கல்லூரியிலும் தமிழ் கற்பித்தார். பிறகு தெற்கே திரும்பிவிட்டார்.

மனமாற்றக் கதைகளை எழுதும்போது ஒரு பழக்கம் உண்டு. முன்பு இருள், பின்பு ஒளி. அன்பே அறியாத மதத்திலிருந்து அன்பின் மதத்துக்கு வந்தார் என்று முடித்துவிடுவார்கள். கிருஷ்ண பிள்ளை விஷயத்தில் இது கொஞ்சமும் பொருந்தாது. அவர் பிறந்து வளர்ந்த மரபில் தெய்வ அன்பு பற்றி நூற்றாண்டுகளாக நுட்பமான விவாதம் நடந்திருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள மயிலாப்பூரிலேயே நடக்கலாம். கேசவப் பெருமாள் கோயில் இருக்கிறது, பக்கத்திலேயே வேதாந்த தேசிகர் கோயில் இருக்கிறது. முதலாழ்வார்களில் ஒருவரான பேயாழ்வார் தோன்றியதாகச் சொல்லப்படும் இடமும் சில நிமிஷ நடையில்தான்.

தேசிகர் (1268-1369) வடகலையாருக்கு ஆசாரியர். பிள்ளை லோகாசாரியரும், அவருக்குப் பின் மணவாள மாமுனிகளும் தென்கலையாருக்கு. இரு தரப்புக்கும் நடுவே இருந்த கேள்விகளில் ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது: குரங்குக்குட்டியா, பூனைக்குட்டியா? குரங்குக்குட்டி தாயை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதன் பங்கும் கொஞ்சம் உண்டு. பூனைக்குட்டி ஒன்றும் செய்வதில்லை, தாயே கவ்விக்கொண்டு போகிறாள். ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ 1930 வாக்கில் எழுதிய நூலில் இதைப் பார்த்து வியந்துபோகிறார். கிருபை பற்றி லூத்தர் மரபில் நடந்த அதே சண்டை காவிரிக்கரையிலும் நடந்திருக்கிறதே என்று!

அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு கேள்வி எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. அது வாத்சல்யம் பற்றியது. பசு, ஈன்ற கன்றின் உடம்பில் ஒட்டியிருக்கும் அழுக்கை நக்குகிறது. கடவுள் அடியாரின் குற்றத்தை எப்படிப் பார்க்கிறார்? குற்றத்தைக் காணாதவர்போல் இருந்துவிடுகிறார், பொறுத்துக்கொள்கிறார் என்றது ஒரு தரப்பு. இல்லை, பசுவுக்கு அந்த அழுக்கே ருசிக்கிறதுபோல, அடியாரின் குற்றமே அவருக்கு இனிக்கிறது என்று துணிந்து சொன்னது தென்கலைத் தரப்பு. எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் பாருங்கள்! இப்படிப்பட்ட மரபில் வளர்ந்த ஒருவருக்குக் 'கடவுள் பாவியை நேசிக்கிறார்' என்பது புதுச் செய்தியாக இருந்திருக்க முடியாது.

அப்படியென்றால் புதியது எது? அவர் எழுதியதை வைத்து நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பசு அழுக்கை நக்குகிறது, ஆனால் அதனால் பசுவுக்கு வலி இல்லை. கிருஷ்ண பிள்ளையைப் பிடித்து நிறுத்தியது, அன்பினால் கடவுளுக்கே வலிக்கிறது என்பது. சிலுவை.

இதற்கு நல்ல ஆதாரம் அவருடைய பெரிய காவியமே. 'இரட்சணிய யாத்திரிகம்' ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட 'மோட்சப் பிரயாணம்' நூலைத் தழுவியது என்று பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்போம். 1894இல் நூலாக வந்தது. ஐந்து பருவங்கள், மூவாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட பாடல்கள். தழுவல் என்ற ஒரு சொல்லோடு நாம் நிறுத்திக்கொள்வதால் ஒரு விஷயம் தப்பிவிடுகிறது. பனியனின் கதையில் சிலுவை ஒரு இடத்தில் வருகிறது. யாத்திரிகன் அதன் அருகே வரும்போது முதுகுச் சுமை கழன்று விழுகிறது, அவ்வளவுதான், கதை மேலே போய்விடுகிறது. கிருஷ்ண பிள்ளை அங்கே நகர மறுக்கிறார். குமார பருவத்தில் 'இரட்சணிய சரிதப் படலம்' என்று தனியாகத் திறந்து, இயேசுவின் பாடுகளை முழுதாகப் பாடுகிறார். பனியனில் இல்லாத பகுதி அது. இன்றும் அந்த நூலில் மிக அதிகமாகப் படிக்கப்படுவதும் அதுதான், பாடநூல்களில் சேர்க்கப்படுவதும் அங்கிருந்துதான்.

இன்னொன்றும் செய்தார். காவியத்தின் இடையிடையே தேவாரப் பதிகங்களின் அமைப்பில் இசைப்பாடல்களை வைத்தார். வைணவர் வீட்டில் பிறந்து, ஆங்கிலப் பியூரிட்டன் கதையை எடுத்துக்கொண்டு, கம்பனின் விருத்தத்தில் எழுதி, நடுவில் சைவப் பதிகத்தின் வாயால் இயேசுவிடம் உருகுகிறார். இதைக் 'கலப்படம்' என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அழுகைக்கு அவரவர் மொழிதான் வரும். ஒரு தமிழருக்குக் கடவுள்முன் உருகுவதற்குக் கைவசம் இருந்த மொழி தேவாரமும் பிரபந்தமும்தான். கிருஷ்ண பிள்ளை 1900 பிப்ரவரியில் இறந்தார். அதே வருஷம்தான் ஆக்ஸ்போர்டில் இருந்து ஜி.யு. போப்பின் திருவாசக மொழிபெயர்ப்பு வெளிவந்தது. மதம் மாற்ற வந்தவரும் மதம் மாறியவரும் ஆயுளின் கடைசியில் ஒரே பக்தி மொழியிடம் வந்து நின்றதை என்ன சொல்ல!

ஆனால் உருகுவது ஒன்று, அதை விளக்குவது வேறு. பக்தியின் அன்பும் யோவான் சொல்லும் அன்பும் ஒன்றேதானா? ஒன்று இல்லையென்றால் எங்கே பிரிகின்றன? கிருஷ்ண பிள்ளை கவிஞர், இந்தக் கேள்வியைத் தத்துவமாக எடுத்துப் பேசவில்லை. எடுத்துப் பேசியவர் அதே பாளையங்கோட்டையில் 1891இல் பிறந்த ஐயாதுரை ஜேசுதாசன் அப்பாசாமி.

அவருடைய அப்பாவும் லேசுப்பட்டவர் அல்ல. சைவத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்த வழக்கறிஞர், திவான் பகதூர். முதிய வயதில் யோக முறைத் தியானத்தைக் கற்றுக்கொண்டு, கிறிஸ்துவைத் தியானத்தில் காண முயன்றவர். சபைக்காரர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று யூகித்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டுப் பையன் ஹார்வர்டில் படித்து, ஆக்ஸ்போர்டுக்குப் போய், 1922இல் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆய்வுத் தலைப்பு: இந்து பக்தி இலக்கியத்தின் அனுபூதி நெறியும், நான்காம் சுவிசேஷத்தின் அனுபூதி நெறியும். அங்கே இருக்கும்போதே சாது சுந்தர் சிங்கைப் பற்றி பி.எச். ஸ்ட்ரீட்டரோடு சேர்ந்து எழுதிய நூல் 1921இல் வந்துவிட்டது.

ஊர் திரும்பி, சென்னையில் கிறிஸ்தவ இலக்கியச் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1858இல், கிருஷ்ண பிள்ளை ஞானஸ்நானம் பெற்ற அதே வருஷத்தில், தொடங்கிய அமைப்பு அது. 1927இல் அப்பாசாமி தன் முக்கியமான நூலை வெளியிட்டார். கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாகப் பார்ப்பது என்பதே அதன் தலைப்பு. 1931இல் அதன் இணைநூல், மோட்சம் என்றால் என்ன என்ற கேள்வியோடு வந்தது. முதல் நூல் யோவானில் அன்பு பற்றி, இரண்டாவது யோவானில் வாழ்வு பற்றி.

அவருடைய வாதம் பெரிய ஜோடனை இல்லாதது. யோவான் சுவிசேஷத்தில் 'நானும் பிதாவும் ஒன்று' என்ற பொருளில் வரும் வாக்கியத்தை அக்காலத்து வேதாந்திகள் பலர் அத்வைதமாகப் படித்தார்கள். நானே பிரம்மம் என்பதன் யூத வடிவம் என்றார்கள். அப்பாசாமி இல்லை என்கிறார். அதே சுவிசேஷத்தில் மகன் பிதாவிடம் ஜெபிக்கிறார், கீழ்ப்படிகிறார், அனுப்பப்படுகிறார். தன்னிடமே யாராவது ஜெபிப்பார்களா? அந்த ஒருமை, சாரத்தில் கரைந்துபோகும் ஒருமை அல்ல, விருப்பத்திலும் அன்பிலும் ஒன்றாகும் ஒருமை. மனிதனுக்கும் கடவுளுக்கும் நடுவே இருக்கக்கூடியதும் அதே மாதிரியான உறவுதான். உப்பு தண்ணீரில் கரைவதல்ல அது. கொடி செடியில் நிலைத்திருப்பது.

இதற்கு அவர் துணைக்கு அழைத்தது சங்கரரை அல்ல, ராமானுஜரை. உலகமும் உயிர்களும் கடவுளின் உடல், அவர் உள்ளிருந்து இயக்கும் அந்தர்யாமி என்ற விசிஷ்டாத்வைதக் கருத்து யோவானின் 'வார்த்தை'யைப் புரிந்துகொள்ள மிகவும் உதவும் என்றார். உடல் வேறு, உயிர் வேறு, ஆனால் பிரிக்க முடியாது. கிருஷ்ண பிள்ளை விட்டு வந்ததாக எல்லோரும் நினைத்த வீட்டின் சாவி, எழுபது வருஷம் கழித்து ஒரு கிறிஸ்தவ இறையியலாளரின் கையில்!

அப்பாசாமி பக்தியை அப்படியே எடுத்துக்கொண்டாரா என்றால், இல்லை. அவர் பக்தி இலக்கியத்தை ஆழமாக நேசித்தவர். 1930இல் பக்திப் பாடல்களைத் தொகுத்து, கோயில் மணிகள் என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலே போட்டார். ஆனாலும் ஒரு இடத்தில் கோடு கிழிக்கிறார். கண்ணீர், மெய்சிலிர்ப்பு, நாத்தழுதழுப்பு எல்லாம் நல்லது, ஆனால் அன்பு வளர்ந்திருக்கிறதா என்பதற்கு அவை அளவுகோல் அல்ல. யோவானில் அளவுகோல் வேறு: கட்டளையைக் கைக்கொள்வது, சகோதரனை நேசிப்பது. அன்பு அனுபவமாகத் தொடங்கலாம், ஒழுக்கமாகத்தான் முதிர முடியும். மோட்சமும் செத்த பிறகு கிடைப்பதல்ல, இந்த உறவில் இப்போதே தொடங்குவது.

இது அக்காலத்து ஐரோப்பிய இறையியலோடு நேராக மோதியது. ஸ்வீடனின் ஆண்டர்ஸ் நீக்ரன் 1930இல் தன் புகழ்பெற்ற நூலின் முதல் பாகத்தை வெளியிட்டார். 'அகபே' மேலிருந்து கீழே இறங்கும் கடவுளின் அன்பு, 'ஈராஸ்' கீழிருந்து மேலே ஏங்கும் மனிதனின் அன்பு, இரண்டுக்கும் ஒட்டே கிடையாது என்பது அவர் கட்சி. அவர் கணக்கில் பக்தி, ஏங்கும் அன்பின் பக்கம்தான் போய் விழும். ஆழ்வார்களையும் நாயன்மார்களையும் கொஞ்சம் படித்தவர்களுக்குக்கூட இந்தப் பிரிப்பு எவ்வளவு செயற்கையானது என்று தெரியும். பூனைக்குட்டி எங்கே ஏங்கியது? தாய்தானே தேடி வந்தாள்? நீக்ரன் மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு மாதம் தங்கியிருந்தால் நூலைக் கொஞ்சம் திருத்தி எழுதியிருப்பார் என்பது என் சொந்த ஆசை.

1938 டிசம்பரில் இந்த மோதல் சென்னைக்கே வந்தது. முந்தைய வருஷம்தான் தாம்பரத்துக்கு இடம் மாறியிருந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் உலக மிஷனரி மாநாடு கூடியது. மாநாட்டுக்காக டச்சு அறிஞர் ஹெண்ட்ரிக் கிரேமர் எழுதிய நூல், கிறிஸ்துவின் வெளிப்பாட்டுக்கும் மற்ற மதங்களுக்கும் இடையே தொடர்ச்சி கிடையாது என்றது. அதற்கு முன்னதாகவே சென்னைக்காரர்கள் சிலர் சேர்ந்து இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுபடி சிந்திப்பது பற்றி ஒரு தொகுப்பைக் கொண்டுவந்திருந்தார்கள். பி. செஞ்சையா, வி. சக்கரை, ஜி.வி. ஜாப் முதலானவர்கள். போதகர்கள் ஆதிக்கம் செலுத்திய ஒரு துறையில் வக்கீல்களும் நீதிபதியும் புகுந்து எழுதியது அதன் தனி அழகு.

செஞ்சையாவுக்குப் பக்தி போதவில்லை. இயேசுவால் உலகில் ஒரு புது சிருஷ்டி தொடங்கிவிட்டது, பழைய மார்க்கங்களின் சட்டகத்தில் அதை அடைக்க முடியாது என்றார். சக்கரைச் செட்டியார் வேறு வழி. இயேசுவை அவதாரம் என்றே அழைத்தார், ஆனால் வந்து வேலை முடிந்து திரும்பும் அவதாரம் அல்ல, மனிதனாகவே நிலைத்துவிட்ட அவதாரம் என்றார். 1932இல் சிலுவையையும் இந்தியச் சிந்தனையையும் பற்றித் தனி நூல் எழுதினார். சக்கரையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய நூல்களோடு நின்றுவிடுகிறார்கள். அவர் 1941இல் சென்னை மேயர். தொழிற்சங்கத் தலைவர், 1950களில் ஏஐடியுசியின் தலைவராகவே இருந்தவர். துன்பப்படும் கடவுளைப் பற்றி எழுதியவர் மில் தொழிலாளியின் கூலிக்காகவும் பேசினார். இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கும் ஒரு நல்ல நூல் தமிழில் வர வேண்டும்.

ஏனென்றால், மேலே சொன்ன அத்தனை பேரிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. கிருஷ்ண பிள்ளை வேளாளர். அப்பாசாமியும் வேளாளர் வீட்டில் வந்தவர். சக்கரை செட்டியார். தமிழ்க் கிறிஸ்தவர்களில் மிகப் பெரும்பான்மையோர் இவர்கள் அல்லர். சாணார் என்று இழிவாக அழைக்கப்பட்ட நாடார்கள், பறையர், மீனவர், பள்ளர். அவர்கள் கிறிஸ்தவத்துக்கு வரும்போது ராமானுஜரின் நூல்களோடு வரவில்லை. அவர்களில் பலருக்குக் கோயில் வாசலே திறந்திருக்கவில்லை. அவர்களிடம் போய், பக்தி மார்க்கத்தின் வழியே கடவுளின் அன்பைப் புரிந்துகொள் என்றால் அது எப்படிக் கேட்கும்? சபைக்குள்ளும் நிலைமை அப்படியொன்றும் மெச்சும்படி இல்லை. கடவுளின் அன்பை உருகிப் பாடிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரே, சாதி வித்தியாசத்தை விட்டுவிட வேண்டும் என்ற மிஷனரிகளோடு 1820களில் கடுமையாகச் சண்டை போட்டவர். பாட்டு நிஜம்தான். சண்டையும் நிஜம்தான்.

1980களில் சென்னை கீழ்ப்பாக்கம் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் இருந்து அர்விந்த் நிர்மல் இந்தக் கேள்வியை முகத்துக்கு நேரே கேட்டார். இந்தியக் கிறிஸ்தவ இறையியல் என்ற பெயரில் இதுவரை நடந்தது பிராமண மரபோடு நடத்திய உரையாடல், தலித்தின் துயரம் அதில் எங்கே என்பதுதான் அவர் விமர்சனம். அப்பாசாமி பரம்பரைக்கு இது சரியான அடி. நான் அதை மறுக்கப்போவதில்லை. ஆனால் அப்பாசாமியின் நூல்களைத் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம் என்ற முடிவுக்கும் என்னால் வர முடியவில்லை. காரணம், அவர் பிடித்துக்கொண்ட சுவிசேஷமே அவருடைய வர்க்கத்தை விசாரிக்கும் சுவிசேஷம். கண்ணீர் அல்ல, கட்டளையே அளவுகோல் என்று கோடு கிழித்தவர் அவர். சகோதரனை நேசிக்காமல் கடவுளை நேசிப்பதாகச் சொல்கிறவனை யோவானின் முதல் நிருபம் பொய்யன் என்கிறது. அந்த அளவுகோலை எடுத்து அவர்மேலேயே வைத்துப் பார்க்கலாம், வைக்கவும் வேண்டும்.

அவர் கடைசிவரை தன் கருத்தை வளர்த்துக்கொண்டே போனார் என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் சுருதி, யுக்தி, அனுபவம் என்று மூன்று பிரமாணங்களை வைத்திருந்தவர் பிறகு 'சபை' என்று நான்காவதைச் சேர்த்தார். தனி மனிதனின் உருக்கம் மட்டும் போதாது, சமூகமும் சாட்சி சொல்ல வேண்டும். 1947 செப்டம்பர் 27 அன்று கதீட்ரல் ரோடு புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. பல சபைப் பிரிவுகள் ஒன்றுசேர்ந்த அந்த அமைப்பில் 1950இல் அவர் கோயம்புத்தூர் பேராயரானார். ஓய்வு பெற்ற பிறகு 1966இல் அவர் எழுதிய நூல்களில் ஒன்று, எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் வாழ்க்கை வரலாறு.

அன்பா அருளா என்று தொடங்கினேன். யோவான் சுவிசேஷத்தில் அன்பு பற்றிய நீண்ட பேச்சு பதின்மூன்றாம் அதிகாரத்தில் ஆரம்பிக்கிறது. அது விளக்கத்தோடு ஆரம்பிக்கவில்லை. குரு எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சீஷர்களின் காலைக் கழுவுகிறார். பெரிய வியாழன் அன்று கத்தோலிக்கக் கோயில்களில் இது சடங்காக நடக்கிறது. யாருடைய கால்கள் என்பதில் நெடுங்காலம் ஒரு விதி இருந்தது: ஆண்களுடையவை மட்டும். 2016 ஜனவரியில்தான் ரோமாபுரி அதை மாற்றி, பெண்களையும் சேர்த்துக்கொள்ள அனுமதித்தது. பரிமேலழகரின் கணக்கில் சொன்னால், தொடர்புடையவர் யார் என்ற பட்டியல் அன்றைக்குக் கொஞ்சம் நீண்டது. மயிலாப்பூரிலும் அதன் கடற்கரைக் குப்பங்களிலும் அந்தப் பட்டியல் சபைவாரியாக எப்படி நீண்டது, எங்கெங்கே நின்றுபோனது என்பதற்குப் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளையும் கல்லறைத் தோட்டங்களையும் பார்க்க வேண்டும். அதைத் தனிக் குறிப்பாக எழுதுகிறேன்.